முட்டை உடையட்டும், விடுங்கள்!

உங்களுக்கு ஒரு சின்ன பரீட்சை வைக்கிறேன். இந்தாருங்கள், ஒரு பச்சை முட்டை. பள்ளிக்கூடத்தின் மாடியிலிருந்து இதைக் கீழே போட வேண்டும். கீழே சிமென்ட் தரை. மெத்தை விரிக்கக்கூடாது. யாரும் கையை நீட்டிப் பிடிக்கக்கூடாது. முட்டையைச் சுற்றி நீங்கள் எந்தப் பெட்டி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் முட்டை உடையக்கூடாது. ஒரு வாரம் டயம். என்ன செய்வீர்கள்?

ரொம்ப யோசிக்காதீர்கள். என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைக்குப் போவீர்கள்.

கோபம் வருகிறதா? வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளை இருந்தால் கோபம் வராது, லேசாகச் சிரிப்புதான் வரும். 'எக் டிராப் சேலஞ்ச்' என்று டைரியில் எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதுவது பிள்ளை. செய்வது அப்பா. அப்பாவுக்கு நேரமில்லையென்றால் மாமா. மாமாவும் ஊரில் இல்லையென்றால், இருக்கவே இருக்கிறது ஸ்டேஷனரி கடை.

பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டு இது. நம் ஊர் தனியார் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வரட்டும், நல்லதுதான். இந்த விளையாட்டின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சார்ட் அட்டையில் ஒட்டின எரிமலை வெடிக்காவிட்டாலும் டீச்சர் மார்க் போட்டுவிடுவார். கலர் பேப்பர் சூரிய மண்டலத்தில் சனிக்கு வளையம் கழன்று விழுந்தாலும் மன்னிப்பு உண்டு. முட்டை அப்படியில்லை. அதற்கு தாட்சண்யம் கிடையாது. நன்றாகச் செய்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் வழியும். இப்படி ஏமாற்றவே முடியாத ஒரு விளையாட்டிலும் ஏமாற்ற வழி கண்டுபிடித்திருக்கிறோமே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

சாயர்புரம் தெரியுமா உங்களுக்கு? தூத்துக்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சாமுவேல் சாயர் என்பவரின் பெயரைத் தாங்கிய ஊர். திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு.போப் 1842-ல், இருபத்திரண்டு வயது இளைஞராக வந்து இறங்கி, பள்ளிக்கூடம் நடத்திய ஊர். சுற்றிலும் பனை, வாழை. நடுவில் பள்ளி, கல்லூரி. காலை எட்டரை மணிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் யூனிஃபார்ம்தான்.

ஒரு விசேஷத்துக்காக அங்கே போயிருந்தபோது, பேனா ரீஃபில் வாங்கக் கடையில் நின்றேன். ஸ்கூட்டியில் ஓர் அம்மா வந்து இறங்கினார். கூடவே மகள், ஏழாவது இருக்கும்.

"அண்ணாச்சி, முட்டை ப்ராஜெக்ட் இருக்கா?"

"இருக்கும்மா. எம்பது ரூவாயிலயும் இருக்கு, நூத்தம்பதுலயும் இருக்கு."

"என்ன வித்தியாசம்?"

"எம்பதுக்கு நான் பொறுப்பில்ல. நூத்தம்பது உடையாது. போன வாரம் ஏழு பிள்ளைய வாங்கிட்டுப் போச்சு. ஒண்ணுகூட உடையல பாத்துக்கிடுங்க."

அந்தப் பெண் பெட்டியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது மட்டும் ஏன் மாமா உடையாது?"

"அது உனக்கெதுக்கும்மா? டீச்சர் கேட்டா உள்ள பபிள் ஷீட் இருக்குன்னு சொல்லு. மார்க் போட்ருவாங்க."

அம்மா பர்ஸைத் திறந்தபடியே சொன்னார்: "சும்மா நொய்நொய்னு கேள்வி கேக்காத. நாளைக்கு மேப் சார்ட் வேற இருக்கு."

நூற்றைம்பது ரூபாய் கைமாறியது. வியாபாரம் முடிந்தது. அன்றைக்கு அந்தக் கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்த சரக்கு அந்தப் பிள்ளையின் கேள்வி. அதை யாரும் வாங்கவில்லை.

அண்ணாச்சி மேல் தப்பில்லை. நான் பி.காம். படித்தவன். டிமாண்ட் இருந்தால் சப்ளை வரும் என்பது எங்களுக்கு முதல் பாடம். நாளைக்கு ஹோம்வொர்க் எழுதித் தர ஆள் கேட்டால் அதற்கும் ஒரு கவுண்டர் திறப்பார்கள். டிமாண்டை உண்டாக்கியது யார்? உடையாத முட்டைக்குப் பத்துக்குப் பத்து, உடைந்த முட்டைக்கு சைபர் என்று வைத்திருக்கிற பள்ளிக்கூடம். அந்தப் பத்துக்காகப் பிள்ளையின் கையிலிருந்து முட்டையைப் பிடுங்கிக்கொள்கிற நாம். இரண்டு பேரும் சேர்ந்துதான் உண்டாக்கினோம்.

"காமர்ஸ்காரருக்கு ஃபிசிக்ஸில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். முட்டை விழுகிற கணக்கு எங்கள் கணக்கேதான். பாருங்கள்.

மாடி 5 மீட்டர் உயரம் என்று வையுங்கள். பதினாறு அடி சொச்சம். கையை விட்டதும் ஒரே விநாடியில் முட்டை தரைக்கு வந்துவிடும். வரும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். இந்த வேகம்தான் முட்டை பட்ட கடன். தரைக்கு வந்ததும் முழுசாக அடைத்தாக வேண்டும். தள்ளுபடி கிடையாது, ஓடி ஒளியவும் முடியாது. ஆனால் ஒரே ஒரு சலுகை உண்டு. கடனை ஒரே நாளில் கட்டுவதா, தவணையில் கட்டுவதா என்பது உங்கள் கையில்.

தவணை என்பது இங்கே தூரம். வேகமாக வந்த முட்டை எத்தனை தூரத்தில் நிற்கிறது என்பதுதான் விஷயம். பெட்டி ஒரு சென்டிமீட்டர்தான் நசுங்குகிறது என்றால், முட்டையின் மேல் விழுகிற சராசரி அழுத்தம் அதன் எடையைப் போல சுமார் 500 மடங்கு. 50 கிராம் முட்டைக்கு 25 கிலோ. அதே பெட்டி 10 சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம் நசுங்கிக் கொடுத்தால் சுமார் 50 மடங்குதான். இரண்டரை கிலோ. கோழி முட்டை ஓடு சாதாரணமாக மூன்று, நான்கு கிலோ அழுத்தம் வரை தாங்கும். ஒரு தவணையில் திவால், பத்து தவணையில் தப்பித்தது. அவ்வளவுதான் ரகசியம்.

இன்னொரு விதியும் உண்டு. பாரத்தை ஒரே இடத்தில் இறக்காதே, பரப்பிப் போடு. கோயில் சப்பரத்தை நாலு பேர் தூக்கினால் தோள் போய்விடும். நாற்பது பேர் தூக்கினால் ஊர்வலம் வரும். முட்டையும் அப்படித்தான். ஓட்டின் ஒரு புள்ளியில் கூர்மையாக எதுவும் குத்தாமல் எல்லாப் பக்கமும் தாங்கினால் அது நம்பவே முடியாத அளவுக்குத் தாங்கும்.

இதையெல்லாம் நான் இரண்டு பத்தியில் சொல்லிவிட்டேன். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். உங்கள் பிள்ளையிடம் சொன்னால் அதுவும் தலையாட்டும். நாளைக்கு மறந்துவிடும். இது கையில் ஒட்ட வேண்டுமானால் முட்டைதான் ஒட்ட வேண்டும்.

பிள்ளையிடமே விட்டுப் பாருங்கள். முதல் முட்டையை அது என்ன செய்யும்? பெட்டி நிறையப் பழைய துணியை இறுக்கித் திணிக்கும். பாதுகாப்பு என்றால் இறுக்கம் என்றுதானே நாமே நினைக்கிறோம்! முட்டை உடையும். ஏன்? இறுக்கித் திணித்த துணி நசுங்க இடமில்லாமல் கல்லாகிவிட்டது. தவணைக்கு வழியில்லை.

"ஓஹோ!" என்று இரண்டாவது முட்டையை லூஸாக வைக்கும். அதுவும் உடையும். இந்த முறை தரையில் மோதி உடையவில்லை. உள்ளேயே உருண்டு பெட்டியின் சுவரில் மோதி உடைந்தது.

மூன்றாவது முட்டைக்குப் பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த 'சும்மா' இருக்கிறதே, அதுதான் படிப்பு. பிறகு சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, முட்டையை ஒரு துணிப்பையில் போட்டு, பெட்டியின் நடுவே நாலு பக்கமும் இழுத்துக் கட்டித் தொங்கவிடும். பிழைத்தாலும் பிழைக்கும். லேசாக விரிசல் விட்டாலும் விடும். எதுவானாலும், இது ஏன் உடையவில்லை, அது ஏன் உடைந்தது என்று அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் மறக்காது. மூன்று முட்டையின் விலை என்ன? ஒரு டியூஷன் மாஸ்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கொடுப்பதைவிடக் குறைவு.

இன்னொரு வேடிக்கை. 'நொறுங்குகிற பொருளை நொறுங்காமல் அனுப்புவது எப்படி?' என்பதை நூற்றைம்பது ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டிய சீமையா அது? தூத்துக்குடி மக்ரூன் தின்றிருப்பீர்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. தொட்டால் உதிரும். அது பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி ஊர் ஊராகப் போகிறது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தார் வாழைச்சருகைப் போர்த்திக்கொண்டு லாரி ஏறும். கருப்பட்டி ஓலைப்பெட்டியில் பயணம் போன கதையைப் பாட்டிகள் சொல்வார்கள். தென்னை நார், பனை ஓலை, வாழைச்சருகு... தூத்துக்குடி மாவட்டத்தில் இதெல்லாம் காசு கொடுத்து வாங்கும் பொருளா? ஓலைக் காற்றாடி செய்து ஓடாத பிள்ளை அந்தப் பக்கத்தில் உண்டா? அந்தக் காற்றாடியைப் பெட்டியின் தலையில் மாட்டினால் விழுகிற வேகம் கொஞ்சம் மட்டுப்படுமா என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, பபிள் ஷீட்டைக் கொடுத்து வாயை அடைக்கிறோம்.

முட்டை எப்படிப் பயணம் போகிறது என்று முட்டையையே கேட்கலாம். நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிற முப்பது முட்டை அட்டையைப் பார்த்திருக்கிறீர்கள். காகிதக் கூழில் செய்தது. ஒரு முட்டை இன்னொன்றைத் தொடாது. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் சரிவாக ஏந்திப் பிடித்திருக்கும். முட்டைக்கு அட்டைப்பெட்டி செய்தவர் விஞ்ஞானி இல்லை, என்னைப் போல ஒரு பத்திரிகைக்காரர். ஜோசப் காயில் என்று பெயர், கனடாக்காரர். வருஷம் 1911. ஒரு பண்ணைக்காரர் அனுப்பிய முட்டையெல்லாம் ஹோட்டலுக்கு உடைந்தே வந்து சேர, இரண்டு பேருக்கும் சண்டை. அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. கவனியுங்கள், உடைந்த முட்டையிலிருந்துதான் பெட்டி பிறந்திருக்கிறது. எல்லா முட்டையும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் அவர் பேசாமல் தலையங்கம் எழுதப் போயிருப்பார்.

காமர்ஸில் எங்களுக்கு மரைன் இன்ஷூரன்ஸ் என்று ஒரு பாடம். தூத்துக்குடி போன்ற துறைமுக ஊரில் அது பாடம் மட்டுமில்லை, பிழைப்பு. அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கப்பலில் வந்த சரக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உடைந்து வந்தால்தான் சர்வேயர் வருவார். எங்கே உடைந்தது, எந்தப் பக்கம் அடி பட்டது, மேலே அடுக்கிய பாரத்தால் உடைந்ததா, ஈரத்தால் இற்றுப்போனதா, பேக்கிங்கே போதவில்லையா என்று துருவி ரிப்போர்ட் எழுதுவார். பேக்கிங் போதாமல்தான் உடைந்தது என்று தெரிந்தால், சரக்குக் காப்பீட்டில் பொதுவாக நஷ்டஈடு கிடையாது. ஆகவே அடுத்த தடவை பேக்கிங்கைச் சரியாகச் செய்கிறார்கள். வியாபாரத்தில், உடைந்த சரக்குக்குத்தான் மரியாதை.

பள்ளிக்கூடத்தில்? உடைந்த முட்டை நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. உடைத்த பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகிறது. உடையாத முட்டை மேடைக்குப் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறது. எது ஏன் உடைந்தது என்று கேட்க ஒரு சர்வேயர் இல்லை.

"முட்டைக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்கிறீர்களா? கொஞ்சம் பெரிய முட்டைக்கு வருவோம்.

2019 செப்டம்பர் 7. சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கும்போது கட்டுப்பாட்டை இழந்து மோதியது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது. அன்றைக்கு உடைந்தது நாம் அதுவரை தயாரித்ததிலேயே விலை உயர்ந்த முட்டைகளில் ஒன்று. இஸ்ரோ அதைக் குப்பையில் போடவில்லை. எது தவறியது என்று சர்வேயர் மாதிரி துருவினார்கள். அடுத்த லேண்டரைச் செய்யும்போது, எதெல்லாம் சரியாக நடக்கும் என்று பார்க்காமல், எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு செய்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரை தொட்டால் தாங்கும் என்றிருந்ததை 3 மீட்டராக உயர்த்தினார்கள். இறங்கும் இடத்தை அரை கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4-க்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பூப்போல இறங்கியது. விநாடிக்கு 3 மீட்டர் என்றால் என்ன தெரியுமா? நம் பூமியில் ஒன்றரை அடி உயரத்திலிருந்து கை நழுவி விழுகிற பொருளின் வேகம். ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்கிற அதே வேலைதான் அது.

இதில் நம் ஊர்ப் பங்கு வேறு இருக்கிறது. லேண்டரை இறக்கிப் பழகுவதற்கு நிலவின் மண் மாதிரியே மண் வேண்டும். எங்கே கிடைத்தது? நாமக்கல் மாவட்டத்தில், சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறை மூலமாகச் சுமார் 50 டன் போயிருக்கிறது. முட்டையும் நாமக்கல், முட்டையை இறக்கிப் பார்க்க மண்ணும் நாமக்கல்!

அதை விடுங்கள். சாயர்புரம் இருக்கிற அதே தூத்துக்குடி மாவட்டத்தில், குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். எஸ்.எஸ்.எல்.வி. என்கிற சின்ன ராக்கெட்டுக்கான தளம் அது. அந்த ராக்கெட் முதன்முதலில் 2022 ஆகஸ்டில் பறந்தபோது தோற்றது. காரணம் என்ன? இரண்டாவது அடுக்கு பிரியும்போது வந்த குலுக்கலில் வேக மாற்றத்தை அளக்கும் கருவிகள் சில நொடி தடுமாறிப்போயின. குலுக்கல்! முட்டைப் பெட்டி சமாச்சாரம்! பிரிகிற ஏற்பாட்டையே மாற்றி, அதிர்வைக் குறைத்து, 2023 பிப்ரவரியில் மறுபடி ஏவி ஜெயித்தார்கள்.

நம் மாவட்டத்தில் ராக்கெட் தளம் வருகிறது என்று டீக்கடையில் பெருமையாகப் பேசுகிறோம். அங்கே வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு ஒரு முட்டையை உடைக்க அனுமதி இல்லை. அப்புறம் அந்தத் தளத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும்? வாட்ச்மேன் வேலைக்கும் கேன்டீன் வேலைக்கும் நம் ஆட்கள், உள்ளே கணக்குப் போடுவதற்கு வெளியாட்களா? அந்த வேலைகளை நான் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் போப் காலத்திலிருந்து பள்ளிக்கூடம் இருக்கிற ஊரின் கனவு அதோடு நின்றுவிடக்கூடாது.

ராக்கெட் தூரம் என்றால், பக்கத்தில் வாருங்கள். உங்கள் பைக்குக்கே வாருங்கள்.

இந்த முட்டைப் போட்டி நடக்கிற நாளன்று காலையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நில்லுங்கள். அப்பா வண்டி ஓட்டுவார். பின்னால் பிள்ளை, மடியில் முட்டைப் பெட்டி. முட்டைக்கு பபிள் ஷீட், தெர்மோகோல், அட்டை, டேப் என்று நாலு சுற்றுப் பாதுகாப்பு. முட்டையைப் பிடித்திருக்கிற பிள்ளையின் தலையில்? ஒன்றும் கிடையாது. முன்னால் இருப்பவரின் ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து காற்று வாங்கும்.

மண்டை ஓடும் முட்டை ஓடுதான் ஐயா. மாடியிலிருந்து விழும் முட்டையின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று சொன்னேனே, உங்கள் பைக் அதைவிட வேகமாகத்தான் போகிறது. ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது என்ன? தெர்மோகோல் ஜாதியைச் சேர்ந்த ஒரு நுரை, இரண்டு மூன்று சென்டிமீட்டர். விபத்தில் அது நசுங்குவதற்கென்றே வைத்தது. அது நசுங்குகிற அந்தச் சின்ன தூரம்தான் உங்கள் மூளைக்குக் கிடைக்கிற தவணை. அதனால்தான் ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது என்கிறார்கள். உள்ளே நசுங்கின நுரைக்கு அடுத்த கடனை அடைக்க வழி இல்லை.

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நாலு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் இரு சக்கர வண்டியில் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அதில் அடக்கம். போலீஸ் நிற்கிற திருப்பத்துக்குப் பயந்து மாட்டிக்கொள்கிறோமே தவிர, ஏன் என்று நமக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், ஏழாவது படிக்கும்போது நம்மை யாரும் முட்டை உடைக்க விடவில்லை. தன் கையால் மூன்று முட்டை உடைத்த பிள்ளை ஹெல்மெட்டைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். அப்பாவையும் போட வைக்கும். அதற்குப் போலீஸ் வேண்டாம்.

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். எனக்குக் கேட்கிறது.

"முட்டையை வீணாக்கலாமா?" நல்ல கேள்வி. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டில் சத்துணவில் முட்டை சும்மா வந்துவிடவில்லை. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு. 2007-ல் மூன்று. 2010-ல் ஐந்து. ஒரு முட்டைக்காக நம் பிள்ளைகள் இவ்வளவு வருஷம் காத்திருந்திருக்கிறார்கள். அதைத் தரையில் ஊற்றிவிட்டு அறிவியல் என்று சொன்னால் அது திமிர். அதனால் முட்டையைக் கழுவி, ஒரு சுத்தமான பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, பிறகு பெட்டிக்குள் வையுங்கள். உடைந்தால் கவருக்குள்தான் இருக்கும். சட்டியில் ஊற்றி வேகவைத்துவிடலாம். ஐந்து பிள்ளைக்கு ஒரு குழு. முட்டை தொடாத வீட்டுப் பிள்ளைக்குப் பழுத்த தக்காளி. அதுவும் நன்றாகவே நசுங்கும்.

"அதுக்கெல்லாம் எங்கே சார் நேரம்? சிலபஸ் முடிக்கணுமே!" இது ஆசிரியர்கள் சொல்வது. அவர்களை நான் குற்றம் சொல்லப்போவதில்லை. ஐம்பது பிள்ளை இருக்கிற வகுப்பில் இதைச் செய்வது லேசில்லை. ஆனால் விசை, உந்தம், அழுத்தம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி அடுத்த வருஷம் எழுத எத்தனை பீரியடு செலவாகிறது? அதில் இரண்டே இரண்டை முட்டைக்குக் கொடுங்கள்.

"மார்க் போயிடுமே!" இது பெற்றோர். போகாது. மார்க் போடுகிற முறையை மாற்றினால் போகாது. அதற்கு என் யோசனைகள் இவை. பள்ளி நிர்வாகிகள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பெட்டியை வகுப்பறையில்தான் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து செய்து வந்த பெட்டிக்கு அனுமதி இல்லை.

இரண்டு: காசு கொடுத்து வாங்கின பொருள் எதுவும் கூடாது. ஓலை, நார், சருகு, பழைய பேப்பர், பழைய சைக்கிள் டியூப். அவ்வளவுதான்.

மூன்று: ஒரே தடவை போட்டுவிட்டு முடிவு சொல்லக்கூடாது. மூன்று வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் பெட்டியில் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும்.

நான்கு: பத்து மார்க்கில், உடையாமல் வந்ததற்கு இரண்டுதான். போடுவதற்கு முன்னால் 'இது ஏன் உடையாது என்று நினைக்கிறேன்' என்று எழுதியதற்கு மூன்று. விழுந்த பிறகு எழுதுகிற சர்வேயர் ரிப்போர்ட்டுக்கு ஐந்து.

ஐந்து: நடக்கிற இடத்துக்குப் பெற்றோர் வரக்கூடாது. போட்டோகிராபரும்தான்.

இப்படி வைத்துப் பாருங்கள். நூற்றைம்பது ரூபாய் பெட்டிக்கு அதிகபட்சம் இரண்டு மார்க். அண்ணாச்சி அடுத்த மாதம் அதைத் தயாரிக்க மாட்டார். டிமாண்ட் இல்லையென்றால் சப்ளை இல்லை. அதுவும் எங்கள் முதல் பாடத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் மாறுவதற்கு நாளாகும். நீங்கள் இன்றைக்கே மாறலாம். அடுத்த தடவை பிள்ளை டைரியில் இதை எழுதிக்கொண்டு வந்தால் கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் இருக்கிற நாலு முட்டையையும் ஒரு பழைய அட்டைப்பெட்டியையும் கொடுத்துவிட்டு, நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள். 'அப்படி வைக்காதே, இப்படி வை' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள். கஷ்டம்தான். பிள்ளை வளர்ப்பில் பாதிக் கஷ்டம் அதுதான்.

முட்டை உடைந்து பிள்ளை முகம் வாடி வந்து நின்றால், "ஏன் உடைச்சே?" என்று கேட்காதீர்கள். "எப்படி உடைஞ்சுது?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் செல்போனைப் பார்க்காதீர்கள். அப்புறம் இரண்டு சின்ன வெங்காயம் நறுக்கி, கவரில் இருப்பதை ஊற்றி, ஆம்லெட் போட்டுக் கொடுங்கள்.